இருதய வரைவுக்கு அளவு கண்ட ஐந்தோவன்

மக்கள் வாழ்க்கைக்கு அளவு இன்றியமையாதது. நெல் அளக்கும் மரக்காலும், பொன் நிறுக்கும் துலாக்கோலும், துணி அளக்கும் முழக்கோலும் எல்லாரும் ஒப்புக்கொண்டனவாய் இராவிடின், கொள்வோனுக்கும் கொடுப்போனுக்கும் இடையே நம்பிக்கை நிலவாது. தமிழிலக்கணம் பயிலும் எம்மனோர்க்கும் இவ்வுண்மை புதிதன்று. கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் கொண்டு மாத்திரையை முன்னோர் வரையறுத்திராவிடின், இது குறில், இது நெடில் என்று துணிந்து கூற இயலாது. குறிலும் நெடிலும் இல்லையெனின் அசை இல்லை; சீர் இல்லை; தளை இல்லை; செய்யுளும் இல்லையாகும். எழுத்தொலிக்கு மாத்திரை எத்தகையதோ, அத்தகையதோர் அளவை மனிதருடைய இருதயத் துடிப்பின் வரைவுக்கு வகுத்தளித்த பெரியார் ஒருவர் இருந்தார். அவரே ஹாலந்து தேசத்துப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். அவருடைய வரலாற்றை இயன்ற அளவு சுருக்கி இங்கே எழுதப் புகுகின்றேன்.

இவ்வரலாற்றின்பால் என் மனம் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற விடுமுறையில் என் பாட்டியார் நெஞ்சுநோயுற்று மருத்துவமனை ஒன்றிற் கிடந்தார். படுக்கையின் தலைமாட்டில் இருந்த திரையிலே அவருடைய இருதயத் துடிப்பு பச்சைநிறக் கோடாய் ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் யான் அதனையே நோக்கியிருந்தேன். நள்ளிரவிற் செவிலியர் ஒருவர் வந்து திரையின் ஓரத்தைத் தொட்டுச் சென்றார். அக்கணமே அலைகள் யாவும் பாதியளவாய்க் குறுகிவிட்டன. பாட்டியின் உயிரே பாதியாய்க் குறைந்துவிட்டதென்று அஞ்சி ஓடிச்சென்று அவரை அழைத்தேன். அவர் திரும்பி வந்து, நோயாளியிடத்து யாதொரு மாறுதலும் இல்லையென்றும், அலைகள் திரையின் விளிம்பைத் தாண்டியமையால் திரையின் அளவை மட்டும் மாற்றியதாகவும் எனக்கு அமைதி கூறினார். திரையின் மூலையில் சிறிய எழுத்தில் 10 என்று இருந்தது 5 என்று மாறியிருந்ததை அப்பொழுதுதான் கண்டேன். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது, அதனை வகுத்தவர் யாவர் என்று தேடப் புகுந்தபோதே ஐந்தோவனுடைய பெயரை முதன்முதலாக அறிந்தேன்.

ஐந்தோவன் 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் ஜாவாத் தீவில் செமாராங் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். மணிமேகலைக் காப்பியத்துள் ஆபுத்திரன் மறுபிறப்பெய்திய சாவக நாடென்று கூறப்படுவது இத்தீவேயென்று அறிஞர் பலர் கருதுவர். அக்காலத்தில் அது டச்சுக்காரரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் ஜேக்கப் ஐந்தோவன் அங்கே வைத்தியராய் இருந்தார். அவர்க்குப் பிள்ளைகள் அறுவர். வில்லெம் ஆறு வயதுச் சிறுவனாய் இருந்தபொழுதே தந்தையார் இறந்தார். கைம்மை எய்திய தாயார் தளர்ச்சியுறாது சில ஆண்டுகள் அங்கே இருந்து, 1870இல் மக்கள் அனைவரையும் உடன்கொண்டு கடல் கடந்து ஹாலந்துக்குத் திரும்பி, யூட்ரெக்ட் நகரிற் குடியேறினார்.

தந்தையைப் போலத் தாமும் கீழ்த்திசைத் தீவுகளில் வைத்தியத் தொண்டு புரிய வேண்டுமென்னும் எண்ணத்துடன் ஐந்தோவன் 1878இல் யூட்ரெக்ட் சர்வகலாசாலையில் மாணவராய்ச் சேர்ந்தார். கல்வியோடு உடற்பயிற்சியையும் அவர் போற்றிவந்தார். வாட்போரிலும் படகு செலுத்துதலிலும் பெருவிருப்புடையவர். மாணவர் படகுச் சங்கம் ஒன்றினை நிறுவியவருள் ஒருவர். ஒருகால் உடற்பயிற்சியின்போது விழுந்து மணிக்கட்டு ஒடிந்து, வெளியே செல்ல இயலாது அடைபட்டுக் கிடந்தார். பிறர் அக்காலத்தைச் சோம்பலிற் கழித்திருப்பர். அவரோ தம் கை எவ்வாறு திரும்புகின்றது, முழங்கை மூட்டு அதற்கு எவ்வாறு துணைசெய்கின்றது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தமக்கு நேர்ந்த துன்பத்தையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட அம்மாணவரிடத்துப் பிற்காலத்துப் பெருமையின் முளையைக் காணலாம்.

1885இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே லெய்டன் சர்வகலாசாலையில் உடலியற் பேராசிரியர் பதவி அவரை நாடிவந்தது. அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தைந்தே. 1886இல் அப்பதவியை மேற்கொண்ட அவர் தம் வாழ்நாள் முடியுமளவும் அதனை விட்டு நீங்கினாரல்லர்.

நிற்க. இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்பொழுதும் அதன் தசைகளிலே சிறிதளவு மின்சாரம் தோன்றி உடலெங்கும் பரவுகின்றது. தோலின்மேல் அதன் வலிமை ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தொரு பங்கு, அஃதாவது ஒரு மில்லிவோல்ட். கைவிளக்கில் இடும் மின்கலம் ஒன்றரை வோல்ட் உடையதென்பதை நினைந்தால் இதன் நுண்மை விளங்கும். இம்மின்சாரத்தை மனிதருடைய தோலிலிருந்தே பதிவுசெய்யலாமென்று 1887இல் லண்டனில் முதன்முதற் காட்டியவர் அகஸ்டஸ் வாலர் என்னும் ஆசிரியர். அவர் தம்முடைய ஜிம்மி என்னும் நாயின் கால்களை உப்புநீர்க் கலங்களில் நிறுத்தியும் இதனைச் செய்து காட்டுவது வழக்கம். 1889இல் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரிற் கூடிய உடலியலறிஞர் மகாநாட்டிலே வாலருடைய செயல்முறையை ஐந்தோவன் நேரிற் கண்டார்.

வாலர் கையாண்ட கருவிக்கு நுண்குழல் மின்மானி என்று பெயர். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழலில் பாதரசத்தை நிரப்பி, மின்சாரம் பாயுந்தோறும் அதன் மட்டம் அசைவதைப் புகைப்படமாகப் பதிவுசெய்வர். ஆயினும் அக்கருவியில் ஒரு பெருங்குறை இருந்தது. பாதரசம் மந்தமாய் அசைவது. இருதயத்தின் மின்சாரமோ கண்ணிமைப்பினும் விரைந்து எழுந்து வீழ்வது. ஆதலின் கூரிய முகடு மழுங்கியும், சிறிய பள்ளம் மறைந்தும் பதிவாயின. வேகமாய்ப் பாடுவோர் பின்னே தளர்நடைக் கிழவர் தாளம் போட்டாற்போன்றது அதன் நிலை.

கண்டது பொய்யென்று தெரிந்தபின் மெய்யைத் தேடாதிருத்தல் ஐந்தோவனுக்கு இயலாததாயிற்று. பாதரசம் எவ்வளவு பிந்துகின்றதென்று அளந்து, கணிதத்தின் உதவியால் ஒவ்வொரு வரைவையும் திருத்தி, கருவி மந்தமின்றி இருந்திருப்பின் வரைவு எவ்வாறு தோன்றியிருக்குமென்று காகிதத்தில் வரைந்தார். அவ்வாறு திருத்திய வரைவில் ஐந்து அலைகள் தெளிவாய்ப் புலப்பட்டன. 1895இல் அவற்றுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். இன்றைக்கும் உலகிலுள்ள வைத்தியர் அனைவரும் அப்பெயர்களையே வழங்குகின்றனர்.

எனினும் ஒவ்வொரு துடிப்புக்கும் நெடுங்கணக்குச் செய்துகொண்டிருத்தல் நோயாளிக்குப் பயன்படுமோ? மேலும் அவருடைய ஆராய்ச்சிசாலை பழங்கட்டிடம். வெளியே கல் பரப்பிய தெருவில் வண்டி ஓடுந்தோறும் கருவி நடுங்கும். அந்நடுக்கத்தைப் போக்கத் தரையிலே ஆழமான குழி தோண்டிப் பெருங்கற்களை இட்டு நிரப்பியும் முழுப்பயன் கிட்டவில்லையென்பர். பழைய கருவியைச் செப்பஞ் செய்தல் போதாது, புதியதொன்று வேண்டுமென்று அவர் துணிந்தார்.

அத்துணிவின் பயனே 1901இல் அவர் வெளியிட்ட இழைக் கால்வனாமானி. படிகக்கல்லை உருக்கி, அதனை அம்பொன்றிற் பிணைத்து வில்லால் எய்ய, அம்பு செல்லும் வழியெல்லாம் கண்ணுக்குப் புலனாகாத இழை நீளும். அவ்விழை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே பருமனுடையது. அதன்மேல் வெள்ளி பூசி, வலிய மின்காந்தத்தின் இரு முனைகட்கு இடையே நிறுத்தினார். இருதயத்தின் மின்சாரம் இழையிற் பாய்ந்ததும் அது பக்கவாட்டில் அசையும். அவ்வசைவின் நிழலை நுண்பெருக்கிக் கண்ணாடி பன்னூறு மடங்கு பெரிதாக்கி, நகர்ந்து செல்லும் புகைப்படத் தகட்டின்மேல் வீழ்த்தும். நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்து அமர்ந்திருப்பார். கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். காந்தம் வெப்பமுறாதபடி நீர் பாய்ச்சிக்கொண்டே இருத்தல் வேண்டும். அதனை இயக்குதற்கு ஐவர் வேண்டியிருந்தது. ஒரு மயிரினும் மெல்லிய இழையைக் காப்பதற்கு இத்துணைப் பெரிய பரிவாரம்!

இனி யான் சிறப்பாய்க் கூற விரும்புவது கருவியைப் பற்றியதன்று. அதன் அளவைப் பற்றியதே. அவ்விழையைத் தளர்த்தவும் இறுக்கவும் ஒரு திருகு இருந்தது. இழையைத் தளர்த்தினால் சிறு மின்சாரத்துக்கும் பெரிதாய் அசையும். ஆனால் மந்தமாய் அசையும். இறுக்கினால் விரைந்து அசையும். ஆனால் சிறிதாய் அசையும். ஆகவே திருகைப் பிடித்தவர் ஒரே இருதயத்தை மலைபோலவும் காட்டலாம், மேடுபோலவும் காட்டலாம். லெய்டனில் ஒருவர் எடுத்த வரைவை லண்டனில் உள்ளவர் எவ்வாறு நம்புவது? சென்ற மாதம் எடுத்த வரைவோடு இன்று எடுத்ததை எவ்வாறு ஒப்பிடுவது?

இதற்கு ஐந்தோவன் செய்த தீர்ப்பு மிக எளியது. அளவு தெரிந்த ஒரு மில்லிவோல்ட் மின்சாரத்தை இழையிற் செலுத்தி, நிழல் சரியாக 10 மில்லிமீட்டர் நகரும்வரையில் திருகைத் திருத்துதல் வேண்டும். தகடு வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்தல் வேண்டும். அங்ஙனமாயின் மேல்நோக்கிய ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிவோல்ட்டிற் பத்தொரு பங்காகும். குறுக்கே சென்ற ஒரு மில்லிமீட்டர் 0.04 வினாடியாகும். இதனோடு அமையாது, அளவுக்கட்டங்களையும் அதே தகட்டில் அதே சமயத்திற் பதியுமாறு செய்தார். வரைவு வேறு, அளவுகோல் வேறு என்று பிரிக்க இயலாதபடி இரண்டும் ஒரே படத்தில் அமைந்தன. மரக்காலின் மேல் முத்திரை குத்தியது போன்றது இச்செயல்.

இவ்வொழுங்கினால் முதற்பயன் பெற்றவர் அவரே. 1903இல் வெளியிட்ட கட்டுரையில், முன்னே பாதரசக் கருவியிலிருந்து கணக்கிட்டு வரைந்த உருவத்தையும், இப்பொழுது இழைக் கருவி தானே வரைந்த உருவத்தையும் ஒரே அளவில் வைத்து ஒப்பிட்டார். இரண்டும் ஒத்திருந்தன. கணிதம் கூறியதற்குக் கருவி சான்று பகர்ந்தது. இரண்டும் வெவ்வேறு அளவில் இருந்திருப்பின் அவ்வொற்றுமையை உலகம் கண்டிராது.

இத்துணைக் கனமான கருவியை நோயாளியிடம் தூக்கிச் செல்ல இயலாது. வலுவற்ற நோயாளியைக் கருவியிடம் கொண்டுவருதலும் அரிது. ஆதலின் மருத்துவமனையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம் ஆராய்ச்சிசாலைக்குத் தொலைபேசிக் கம்பியின் வழியே இருதயத்தின் மின்சாரத்தை வரவழைக்க முயன்றார். 1905ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் நாள் அம்முயற்சி நிறைவேறியது. அன்று சோதனைக்கு உட்பட்டவர் நல்ல உடல்வலிமையுள்ள ஒருவர். அவருடைய ஆர் அலை மிக உயர்ந்து காணப்பட்டது. ஆராய்ச்சிசாலையிலிருந்து மருத்துவமனைக்கு அவர் மிதிவண்டியில் விரைந்து சென்றமையே அதற்குக் காரணமென்று கருதினர். அலை உயர்ந்ததென்று சொல்ல முடிந்ததும், காரணம் தேட முடிந்ததும், உயரத்துக்கு ஓர் அளவு முன்னரே இருந்தமையாலன்றோ?

பின்னர் ஐந்தோவன் வலக்கை, இடக்கை, இடக்கால் ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாகவும், இருதயத்தை அதன் நடுவிலுள்ளதாகவும் கொண்டு, எப்பக்கமாய் மின்சாரம் செல்கின்றதென்று கணிக்கும் முறையை 1912, 1913ஆம் ஆண்டுகளில் விளக்கினார். முதல் வரைவையும் மூன்றாம் வரைவையும் கூட்டினால் இரண்டாம் வரைவு வருதல் வேண்டுமென்பது அதனால் எழும் விதி. இவ்விதி பிறழின் பதிவிற் பிழை உண்டென்று அறியலாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கருவித் தொழிற்சாலை இழைக் கால்வனாமானியைச் செய்து விற்கத் தொடங்கியது. லண்டனில் தாமஸ் லூயிஸ் என்னும் வைத்தியர் அதனைக் கொண்டு இருதயத்தின் ஒழுங்கற்ற துடிப்புகளை ஆராய்ந்து பெரும்புகழ் எய்தினார். அவ்வாராய்ச்சிகளின்றித் தம் கருவி இத்துணைச் சிறப்புற்றிராதென்று ஐந்தோவனே மனமுவந்து ஒப்புக்கொண்டார்.

1924ஆம் ஆண்டின் வைத்தியத்துக்குரிய நோபெல் பரிசு அவர்க்கு வழங்கப்பட்டது. அச்செய்தி எட்டியபோது அவர் அமெரிக்காவில் விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தார். பரிசுப்பணம் பெற்றபின், கருவி செய்யும் காலத்தில் தம்மோடு உழைத்த பணியாளர் ஒருவரை அவர் தேடினாரென்றும், அவர் இறந்துவிட்டமையறிந்து வறுமையில் வாடிய அவருடைய சகோதரிகட்குப் பணத்திற் பாதியை ஈந்தாரென்றும் ஒரு செய்தி வழங்கிவருகின்றது. அவருடைய மகன் வில்லெம் பிரெடெரிக் மின்பொறியியல் வல்லுநராகி, தந்தையின் இழைக் கருவியைக் கம்பியில்லாத் தந்திக்குப் பயன்படுமாறு செப்பஞ்செய்து, தந்தை பிறந்த ஜாவாவிலேயே பாண்டுங் நகரத்து வானொலி ஆராய்ச்சிசாலைக்குத் தலைவராய் இருந்தார். ஐந்தோவன் நெடுநாள் நோயுற்றிருந்து, 1927ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 29ஆம் நாள் காலமானார்.

இன்று படிக இழையும் இல்லை. நீர் பாய்ச்சும் காந்தமும் இல்லை. இருதயத்தின் மின்சாரம் வினாடிக்குப் பன்னூறு எண்களாக எண்ணப்பட்டுக் கணிப்பொறியிற் சேமிக்கப்படுகின்றது. மென்பொருள் அவ்வெண்களை மீண்டும் அலைகளாக்கித் திரையிற் காட்டுகின்றது. எனினும் திரையின் மூலையில் இன்னும் 25 என்றும் 10 என்றும் எழுதியிருக்கக் காண்கின்றோம். அவை ஐந்தோவனுடைய கட்டளைகளே. அவருடைய திருகு இருந்த இடத்தில் இப்பொழுது ஒரு பொத்தான் இருக்கின்றது, அவ்வளவே வேற்றுமை.

அப்பொத்தானைத் தொடுவோர் உணரவேண்டுவன சில உள. அளவை 5 ஆக்கினால் அலைகள் பாதியாய்க் குறையும். கை கால் வரைவுகளில் அலைகள் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்திருப்பின் இருதயத்தைச் சூழ்ந்த பையில் நீர் கட்டியிருக்கலாமோவென்று வைத்தியர் ஐயுறுவர். அளவு மாறியதை அறியாதார் நலமுடையவரையும் அங்ஙனமே ஐயுறக்கூடும். மாரடைப்புற்றவரிடத்து எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட பகுதி ஒரு மில்லிமீட்டர் உயர்ந்திருத்தலே ஓர் அபாயக் குறி. அளவு பாதியாயின் அவ்வுயர்வு அரை மில்லிமீட்டராகிக் கண்ணுக்குத் தப்பும். வேகத்தை 50 ஆக்கினால் அலைகள் இருமடங்கு விலகி நிற்கும். நிமிஷத்துக்கு 75 முறை துடிக்கும் இருதயம், கட்டங்களைப் பழைய கணக்கிலே எண்ணுவார்க்கு 38க்கும் குறைவாய்த் துடிப்பதுபோலத் தோன்றும்.

வடிகட்டியின் செய்தி இன்னும் நுட்பமானது. தசை நடுக்கத்தாலும், வீட்டு மின்சாரத்தின் வினாடிக்கு 50 அதிர்வாலும் வரைவு கலங்குமாயின், விரைந்த அதிர்வுகளை நீக்கும் வடிகட்டியை மென்பொருளில் இடுவர். அதன் எல்லையை மிகத் தாழ்த்தினால் ஆர் அலையின் முகடு மழுங்கும். சிறிய பிளவுகள் மறையும். ஐந்தோவன் பல ஆண்டுகள் கணிதத்தோடு போராடி நீக்கிய பாதரசத்தின் மந்தத்தை நாமே வலிந்து திரும்ப அழைத்தல் இது. கோடு மேலும் கீழும் மிதவாதிருத்தற்பொருட்டு மெல்லிய அசைவுகளை நீக்கும் வடிகட்டியும் அத்தகையதே. அது மிகுமாயின், மாரடைப்பைக் காட்டும் பகுதியே உருமாறி, இல்லாத நோயைக் காட்டவும் உள்ள நோயை மறைக்கவும் கூடும். நல்லவேளையாக, திரையில் எதனை மாற்றினாலும், மூல எண்கள் சேமித்தபடி இருக்குமாயின் அவற்றை மீண்டும் உரிய அளவிற் காணலாம். நோக்குவோர் அதனை நினைவிற் கொள்ளுதலே வேண்டுவது.

அளவை மாற்றுதல் குற்றமன்று. அலைகள் விளிம்பு கடக்கும்பொழுது பாதியாக்குதலும், நுண்ணிய அலையைக் காண இருமடங்காக்குதலும் தேர்ந்தோர் செய்வனவே. மாற்றியதை மறைத்தலும் மறத்தலுமே குற்றம். அன்றிரவு அச்செவிலியர் அளவை மாற்றினார்; மாற்றியதை எனக்கும் உரைத்தார்; தாம் எழுதும் குறிப்பேட்டிலும் அதனை வரைந்தார். அவர் ஐந்தோவனுடைய பெயரை அறிவாரோ அறியாரோ, அப்பேராசிரியருடைய நெறியிலே நின்றார் என்பதில் ஐயமில்லை. என் பாட்டியார் பன்னிரண்டு நாட்குப்பின் நலமுற்று வீடு திரும்பினார்.

நம் கல்லூரியிலிருந்து வைத்தியத் துறைக்குச் செல்லும் நண்பர் ஆண்டுதோறும் சிலர் உளர். அவர்கள் ஒரு வரைவைக் கையிலெடுக்கும்போது அலையை நோக்குமுன் மூலையிலுள்ள எண்ணை நோக்குவாராக. தமிழ் பயிலும் எம்போன்றார்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. பிறருடைய குணத்தையும் குற்றத்தையும் எடையிடும்போது நம் கையிலுள்ள திருகு தளர்ந்திருக்கின்றதோ இறுகியிருக்கின்றதோ என்று நாம் முதலிற் பார்த்துக்கொள்வது நலம். ஐந்தோவனுடைய நற்பெயர் நீடு வாழ்க.